கொச்சி நாட்டுக் குடைக்கற்கள்

மட்டாஞ்சேரி என்றவுடன் நம் நினைவிற்கு வருபவை எவை? போர்ச்சுகீசியர் 1555-ஆம் ஆண்டில் கட்டி, பின்னர் டச்சுக்காரர் புதுக்கிய அரண்மனை. 1568-இல் எழுந்த யூதர்களின் தொழுகைக் கூடம். மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகள். வெளியூரிலிருந்து விருந்தினர் வந்தால் இவற்றையே நாம் பழமைச் சின்னங்களாகக் காட்டுகிறோம். இவற்றுள் எதுவும் ஐந்நூறு ஆண்டுகளை எட்டியதன்று. பழைய கொச்சி அரசின் வடபகுதியிலோ, கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே நாட்டப்பெற்ற கற்கள் இன்றும் நிற்கின்றன. காலையில் படகேறி எர்ணாகுளம் சென்று, அங்கிருந்து புகைவண்டியில் திருச்சூரை அடைந்து, குன்னங்குளம் பக்கத்து ஊர்களைச் சுற்றிவிட்டு இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். அக்கற்களைப் பற்றியே இன்று சிறிது பேசுவோம்.

இவற்றைப் பெருங்கற்சின்னங்கள் என்று தொல்லியலார் அழைப்பர். இறந்தோரைப் புதைத்த இடத்திலோ, அவர் நினைவாகவோ பெரிய கற்களைக் கொண்டு அமைக்கப்பட்டவை இவை. இவ்வழக்கம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. கொரிய நாட்டில் பலகைக்கல் மூடிய ஈமச் சின்னங்கள் பல்லாயிரம் உண்டு. பிரான்சின் பிரிட்டனிக் கரையில் குத்துக்கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன; அவை காலத்தால் மிக முந்தியவை. நம் மேகாலய மலைகளில் காசி மக்கள் அண்மைக் காலம் வரையிலும் நினைவுக்கல் நாட்டி வந்துள்ளனர். கேரளத்துச் சின்னங்களைப் பெரும்பாலும் கிறிஸ்துவுக்கு முந்திய ஆயிரம் ஆண்டுகளுக்கும், கிறிஸ்துவுக்குப் பிந்திய முதற் சில நூற்றாண்டுகளுக்கும் உரியவை என அறிஞர் கொள்வர்.

அவ்வாறாயின் மட்டாஞ்சேரியில் ஏன் ஒன்றும் இல்லை என்ற கேள்வி எழும். விடை மண்ணிலேயே இருக்கிறது. நாம் வாழும் இந்நிலம் கடலும் காயலும் ஆறுகளும் கொண்டுவந்து சேர்த்த மணலும் சேறுமாகும். கிழக்கும் வடக்கும் சென்று நிலம் சற்றே மேடுறும் இடத்தில்தான் செம்புரைக்கல் தோன்றுகிறது. மலையாளத்தில் இதனை வெட்டுக்கல் என்பர். பொருத்தமான பெயர். நிலத்தடியில் இருக்கும்போது கோடரியால் வெட்டும் அளவுக்கு மென்மையாக இருக்கும். வெட்டி எடுத்து வெயிலும் காற்றும் படவைத்தால் இறுகிக் கெட்டியாகிவிடும். 1800, 1801-ஆம் ஆண்டுகளில் இப்பகுதிகளில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், அங்காடிப்புறத்தில் மக்கள் இக்கல்லைச் செங்கல்லைப் போல அறுத்து வீடு கட்டுவதைக் கண்டார். செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து லேட்டரைட் என்னும் பெயரை 1807-இல் வெளிவந்த தம் நூலில் இதற்குச் சூட்டினார். இன்று உலகமெங்கும் வழங்கும் அப்பெயர் நம் அண்டை ஊரிலே பிறந்ததாகும்.

இக்கல்லின் இயல்பே இச்சின்னங்களின் வடிவை வகுத்தது. இடுக்கி மாவட்டத்து மறையூரில் கருங்கல் கிடைக்கிறது. கருங்கல் பலகை பலகையாகப் பெயரும். ஆகவே அங்குள்ள மக்கள் நான்கு பலகைகளை நிறுத்தி, மேலே ஒன்றை மூடியாக இட்டுக் கல்திட்டை அமைத்தனர். முனிவர்கள் தங்கிய அறை என்று கருதி ஊரார் அவற்றை முனியறை என்கின்றனர். உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு செல்வோர் வழியில் அவற்றைக் காணலாம். செம்புரை நாட்டிலோ கல்லை வேண்டியவாறு செதுக்கலாம். எனவே குன்னங்குளத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், பிற இடங்களில் காணக்கிடைக்காத உருவங்கள் தோன்றின.

முதலிற் காணத்தக்கது அரியன்னூர். கண்டாணச்சேரி ஊராட்சியைச் சேர்ந்த இவ்வூரின் மேட்டில் ஆறு குடைக்கற்கள் உள்ளன. அவற்றுள் நான்கு முழுமையாகவும் இரண்டு சிதைந்தும் நிற்கின்றன. தொலைவிலிருந்து பார்த்தால் பெரிய காளான்கள் முளைத்திருப்பதைப் போலத் தோன்றும். அருகிற் சென்றால் அமைப்பு விளங்கும். கீழே நான்கு கற்கள். ஒவ்வொன்றும் அடியில் அகன்று மேலே குறுகி வருமாறு செதுக்கப்பட்டது. நான்கையும் சேர்த்து நிறுத்தினால் மேற்புறம் தட்டையான ஒரு பீடம் கிடைக்கிறது. அதன்மேல் அரைக்கோள வடிவில் குடைந்தெடுத்த ஒரே கல் கவிழ்க்கப்பட்டுள்ளது. சுண்ணாம்போ சாந்தோ கிடையாது. கல்லின் எடையே கல்லைப் பிடித்து நிறுத்தியுள்ளது. இரண்டாயிரம் ஆண்டு மழையை இவை தாங்கி நின்றுள்ளன என்பதை எண்ணினால், அக்காலத் தச்சரின் கணக்கு எத்துணைத் திருத்தமானது என்பது புலனாகும்.

அடுத்து, சிரமனேங்காட்டில் உள்ள குடக்கல்லுப் பறம்பு. பறம்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் பாரியின் மலை நம் நினைவிற்கு வரும்; மலையாளத்தில் அது வீட்டைச் சூழ்ந்த மேட்டு நிலத்தைக் குறிக்கிறது. இங்குச் சிறிய பரப்பிற்குள் 69 சின்னங்கள் நெருங்கிக் கிடக்கின்றன. குடைக்கற்கள் உண்டு; வட்டமாக நிறுத்திய கல்வட்டங்கள் உண்டு; தொப்பிக்கற்கள் மிகுதியாக உண்டு. தொப்பிக்கல் என்பது பீடமின்றித் தரையின்மேல் நேரே கவிழ்ந்திருக்கும் மூடிக்கல். வயலில் நாற்று நடுவோர் மழைக்காகத் தலையில் அணிந்த ஓலைத் தொப்பிக்குடையை இது அப்படியே ஒத்திருக்கும். இதன் அடியில் பாறையில் வெட்டிய குழியும் அதனுள் தாழியும் இருக்கும். குடைக்கல்லையோ, ஈமக்குழியின் மூடியாக அன்றி, நினைவுச் சின்னமாகவே அறிஞர் பலர் கருதுவர். ஒன்று உடலுக்கு, மற்றொன்று பெயருக்கு எனலாம்.

மூன்றாவது வகை நிலத்தடிக் குகைகள். சொவ்வன்னூர், கக்காடு, போர்க்குளம், காட்டகாம்பால், எய்யால், கண்டாணச்சேரி ஆகிய ஊர்களில் இவை காணப்படுகின்றன. செம்புரைப் பாறையில் முதலில் ஒரு முற்றத்தைத் தோண்டி, அதில் இறங்கப் படிகளும் வெட்டி, முற்றத்தின் ஒரு பக்கத்தில் சிறு வாயிலைக் குடைந்துள்ளனர். குனிந்து தவழ்ந்தே உள்ளே நுழைய இயலும். உள்ளே குவிந்த கூரையுடன் ஓர் அறை. சுவரை ஒட்டிப் பாறையிலேயே செதுக்கிய திண்ணை. சில குகைகளில் நடுவே ஒரு தூணும் விடப்பட்டிருக்கிறது. வாழ்ந்த வீட்டின் சாயலிலேயே இறந்தோர்க்கும் ஓர் இல்லம் அமைத்தனரோ என்று எண்ணத் தோன்றுகிறது. இத்தகைய குகைகளிலிருந்து நான்கு காலுடைய மண்சாடிகளும் இரும்புக் கருவிகளும் கிடைத்துள்ளன.

குத்துக்கல்லைக் காண விரும்புவோர் அவ்வளவு தொலைவும் செல்ல வேண்டியதில்லை. திருச்சூர் வானொலி நிலையம் அமைந்த இராமவர்மபுரத்திலேயே ஏறத்தாழ 15 அடி உயரமுள்ள ஒற்றைக் கருங்கல் நிற்கிறது. ஊரார் அதனைப் படைக்கல்லு என்பர்.

இச்சின்னங்களை மக்கள் பாண்டவர் குழி என்று நெடுங்காலம் வழங்கி வந்தனர். பழமையானதும் யாருடையது என்று தெரியாததுமாகிய எதனையும் பாண்டவர்க்கு உரிமையாக்குவது நம் மரபன்றோ? பாபிங்டன் என்னும் ஆங்கிலேயர் 1819-இல் மலபாரில் ஒரு குழியை அகழ்ந்து, 1823-இல் கட்டுரை வெளியிட்டபோது, பாண்டுக் குழிகள் என்றே தலைப்பிட்டார். இந்தியப் பெருங்கற்சின்னங்களைப் பற்றி அச்சேறிய முதற் கட்டுரைகளுள் அது ஒன்று. 1948-இல் பி. கே. தாப்பர் போர்க்குளத்தில் முறையான அகழாய்வு நடத்தினார். கல்வட்டத்தினுள், செம்புரையில் வெட்டிய குழியில், தாழி ஒன்று வெளிப்பட்டது. கறுப்பும் சிவப்புமான மட்கலங்களும் இரும்புப் பொருள்களும் வெண்கோலமிட்ட சூதுபவள மணிகளும் கிடைத்தன.

எலும்புகளோ இப்பகுதியில் அரிதாகவே கிடைக்கின்றன. காரணம், செம்புரை மண்ணின் புளிப்புத்தன்மை எலும்பைக் கரைத்துவிடும். மனிதன் கரைந்து போக, அவனுக்கு உடன் வைத்த மணி மட்டும் எஞ்சியிருக்கிறது. அந்த மணியும் உள்ளூர்ப் பொருளன்று. சூதுபவளம் தொலைநாட்டிலிருந்து வாணிகர் வழியாக வந்தது. எய்யாலில் உரோம நாட்டுப் பொற்காசுகளும் வெள்ளிக்காசுகளும் புதையலாகக் கிடைத்துள்ளன. வடக்குப் பரவூர் அருகே பட்டணத்தில் 2007 முதல் நடைபெற்ற அகழாய்வுகளில் உரோமச் சாடிகளின் துண்டுகள் ஏராளமாக வெளிப்பட்டன. கரையில் கப்பலுக்கு மிளகு ஏற்றிய காலமும், மேட்டில் முன்னோர்க்குக் கல் நாட்டிய காலமும் ஒன்றோடொன்று இணைகின்றன. கொச்சியின் கடல் வாணிகத்திற்கு இவ்வாறு ஒரு முன்வரலாறு அமைகிறது.

இம்மக்கள் யாவர்? கல்லில் எழுத்தில்லை; பெயரில்லை. ஆயினும் அவர்தம் உள்ளத்தை அறிய வேறொரு வழி உண்டு. இந்நிலம் பழந்தமிழர் சேரநாடு என வழங்கியது. சங்கப் பாடல்கள் முதுமக்கள் தாழியையும் நடுகல்லையும் நன்கு அறிந்தவை. இறந்தோரைச் சுடுதல், இடுதல், குழியிற் புதைத்தல், தாழியிற் கவித்தல் முதலிய முறைகளை மணிமேகலை வரிசைப்படுத்துகிறது. புறநானூற்றுப் பாடல் ஒன்றில், கணவனை வழியிலே இழந்த பெண்ணொருத்தி, தாழி செய்யும் குயவனை விளிக்கிறாள். தனக்கும் இடம் இருக்குமாறு தாழியைச் சற்று அகலமாக வனைந்து தருமாறு வேண்டுகிறாள். குன்னங்குளத்து மண்ணில் புதைந்த ஒவ்வொரு தாழியின் அருகிலும் இத்தகைய ஒரு துயரம் நின்றிருக்கும். தொல்பொருள் என்று நாம் கூறுவது ஒரு காலத்தில் ஒரு வீட்டின் இழப்பாக இருந்தது.

இன்னொன்றும் கருதத்தக்கது. இவர்கள் குடியிருந்த வீடுகளின் தடயங்கள் கேரளத்தில் மிகக் குறைவாகவே அகப்பட்டுள்ளன. மரமும் மூங்கிலும் ஓலையும் கொண்டு கட்டிய இல்லங்கள் மழையில் மக்கிப் போயிருத்தல் வேண்டும். தமக்கு ஓலைக்கூரை போதும் எனக் கருதியவர்கள், இறந்தோர்க்கு மட்டும் கல்லைச் செதுக்கினர். நாமோ நம் வீட்டுச் சுவருக்காக அதே செம்புரையை அறுத்துக்கொண்டிருக்கிறோம். கல் வெட்டும் குழி விரியுந்தோறும், மேட்டைச் சமன் செய்யும் இயந்திரம் ஓடுந்தோறும், ஒரு கல்வட்டமோ ஒரு தாழியோ அழியக்கூடும். ஊரார் நன்னங்ஙாடி என்று அழைக்கும் தாழிகள் பல, கிணறும் அடித்தளமும் தோண்டும்போதே வெளிப்படுகின்றன. காண்போர் அறியாமையால் சில நொறுங்கியும் போகின்றன.

சட்டம் இல்லாமலில்லை. அரியன்னூரும் சிரமனேங்காடும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. 1958-ஆம் ஆண்டின் சட்டமும் 2010-இல் அதற்குச் செய்த திருத்தமும் இத்தகைய சின்னங்களைச் சுற்றி நூறு மீட்டர் அளவுக்குப் புதுக் கட்டடம் எழுப்புவதைத் தடுக்கின்றன. இதனால் அயலில் குடியிருப்போர்க்கு இடர் உண்டு. தம் சொந்த நிலத்திலேயே மகனுக்கு ஒரு வீடு கட்ட முடியாத நிலையை அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாம் கண்டு வியக்கும் கல்லுக்கு அவர்களே விலை கொடுக்கின்றனர். ஆதலின் அங்குச் செல்வோர் அவர்களை மதித்து நடத்தல் வேண்டும். மேலும், பாதுகாப்புப் பட்டியலில் சேராத சின்னங்கள் தனியார் பறம்புகளில் பல உள்ளன. அவற்றைக் காக்க உரிமையாளரின் மனமன்றி வேறு வேலி இல்லை.

காணச் செல்வோர்க்குச் சில குறிப்புகள். மழைக்காலம் முடிந்து, கார்த்திகை முதல் மாசி வரையுள்ள திங்கள்கள் ஏற்றவை. ஆனி, ஆடியில் புல்லும் கொடியும் கற்களை மறைத்துவிடும், குகைகளில் நீரும் நிற்கும். காலணி அணிந்து செல்க. புதர்களில் பாம்பு இருக்கக்கூடும். தனியார் நிலமாயின் வீட்டுக்காரரிடம் கேட்டே உள்ளே செல்க. கல்லின்மேல் ஏறுதலும் பெயர் பொறித்தலும் கூடா. பானை ஓடு ஒன்று காலில் தட்டுப்பட்டால் எடுத்து வராதீர்கள். கிடந்த இடத்தை விட்டு நீங்கிய ஓடு தன் வரலாற்றைச் சொல்லாது. குழந்தைகளை உடன் அழைத்துச் சென்றால், குடைக்கல்லின் ஐந்து பகுதிகளையும் அவர்களே எண்ணிக் கண்டுகொள்ளட்டும். அவ்வளவு தொலைவு செல்ல இயலாதோர் திருப்பூணித்துறை மலை மாளிகை அருங்காட்சியகத்திற்கேனும் ஒருமுறை சென்று வருதல் நலம்.

நம் வீட்டு மனையிலோ உறவினர் தோட்டத்திலோ அகழும்போது தாழி தென்பட்டால், கடப்பாரையை நிறுத்திவிட்டுக் கிராம அலுவலகத்திற்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவிப்போம். ஓரிரு நாள் வேலை தடைப்படலாம். அந்தத் தாழியை வனையச் சொன்னவர்களும், அதைச் சுமந்துவந்து இறக்கியவர்களும், மேலே கல்லை ஏற்றியவர்களும் அதற்காகச் செலவிட்ட நாள்களை எண்ணினால், நமக்கு அது பெரிய தாமதம் ஆகாது.