கும்பகோணத்தில் இராமானுஜம் வீடு: கும்பிடவா? கற்றுக்கொள்ளவா?

(கங்கைகொண்ட சோழபுரத்தில் நடந்த கூட்டத்தில் நாம் பேசியதன் சுருக்கம்)



உங்கள் ஊருக்கு வருகிறவர்கள் எல்லோரும் கோயிலைப் பார்க்கத்தான் வருகிறார்கள். அதைக் கட்டிய இராஜேந்திரன் குடியிருந்த அரண்மனை எங்கே என்று கேட்டால், மாளிகைமேட்டில் தோண்டி எடுத்த செங்கல் அஸ்திவாரத்தைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. கங்கை வரைக்கும் படை அனுப்பிய ராஜாவின் வீட்டிற்கே அந்தக் கதி. ஆனால் இங்கிருந்து புறப்பட்டு, இந்தக் கோயில் மதிற்கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோய் 1836-ல் கட்டிய கீழணையைத் தாண்டிக் கும்பகோணம் போனால், ஒரு ஜவுளிக்கடைக் குமாஸ்தா குடியிருந்த வீடு பத்திரமாக நிற்கிறது. மகாமகத்திற்கும் கோயில்களுக்கும் கும்பகோணம் போகிற நம்மவர்களில் அந்த வீட்டு வாசற்படி ஏறினவர்கள் எத்தனை பேர்? அந்த வீட்டைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

வீடு சாரங்கபாணி சன்னதித் தெருவில் இருக்கிறது. குமாஸ்தாவின் மகன்தான் கணித மேதை சீனிவாச இராமானுஜம். 1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் தாயாருடைய பிறந்தகத்தில் பிறந்து, இந்த வீட்டில் வளர்ந்தவர். 2003-ல் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தார் இதை வாங்கி நினைவு இல்லமாக வைத்திருக்கிறார்கள். தெருப்பக்கம் திண்ணை, உள்ளே ஜன்னலோரம் சிறு கட்டில் போட்ட ஓர் அறை, அப்பால் கூடம், சமையற்கட்டு, கொல்லையில் கிணறு. அவ்வளவுதான்.

நாம் போயிருந்தபோது கூட வந்தவர்களில் ஒருவர் அங்குள்ள சிலைக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஏனய்யா என்று கேட்டதற்கு, "நாமக்கல் தாயார் கொடுத்த கணக்கல்லவா?" என்றார். இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. இராமானுஜமே நாமகிரித் தாயாரிடம் பக்தி உள்ளவர். கனவில் அருள் கிடைத்ததாக அவர் சொன்னார் என்றும் எழுதியிருக்கிறார்கள். அவர் நம்பினார் என்பதை நாம் மறுக்கவில்லை. நம்பிய சங்கதி உண்மையா என்பதுதான் கேள்வி.

யோசித்துப் பாருங்கள். நாமக்கல் கோயிலில் எத்தனை தலைமுறையாக எத்தனை பேர் கைகூப்பி நின்றிருக்கிறார்கள்! அவர்களில் வேறு யாருக்காவது தாயார் ஒரு சூத்திரம் கொடுத்தாளா? மேலும், இராமானுஜம் சீமைக்கு எழுதிய கடிதங்களில் பகா எண்களைப் பற்றிச் சொன்ன சில முடிவுகள் தப்பு என்று ஹார்டி என்கிற கணிதப் பேராசிரியர் எடுத்துக் காட்டினார். மனிதன் கண்டுபிடித்ததென்றால் சிலது சரியாயிருக்கும், சிலது தப்பாயிருக்கும். தெய்வம் சொன்னதென்றால் அந்தத் தப்பை யார் தலையில் கட்டுவது? சரியான கணக்கு தாயாருடையது, தப்பான கணக்கு இராமானுஜத்தினுடையது என்றால், அது நம் புரோகிதர் கணக்காக இருக்குமேயல்லாமல் நியாயமான கணக்காகாது.

அப்படியானால் அந்த அறிவு எங்கிருந்து வந்தது? மூளை அவருடையது. ஆனால் அதற்குத் தீனி போட்டவை கண்ணால் காணக்கூடியவை. டவுன் ஹைஸ்கூல் என்கிற பள்ளிக்கூடம் இருந்தது. சுமார் 16 வயதில், கார் என்பவர் ஆயிரக்கணக்கான சூத்திரங்களைத் திரட்டி எழுதிய புஸ்தகம் இரவலாகக் கைக்குக் கிடைத்தது. காகிதம் வாங்கக் காசில்லை. சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மாத்திரம் நோட்டில் எழுதிக்கொண்டார். ஓயாமல் உழைத்தார். ஒரு புஸ்தகம், ஒரு சிலேட்டு, உட்கார ஓர் இடம், சோறு போட ஒரு தாய். இதில் அற்புதம் எங்கே இருக்கிறது?

இனி, அவரைக் கெடுத்தது எது என்றும் பார்க்க வேண்டும். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தேறவில்லை என்று கல்லூரியில் உபகாரச் சம்பளம் நின்றது. எப்.ஏ. பரீட்சையிலும் தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க் குமாஸ்தா வேலை. 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதினார். அவர் சீமைக்கு வரும்படி அழைத்தார். ஆனால் கடல் தாண்டினால் ஆசாரம் கெடும் என்றதனால் ஒரு வருஷத்திற்கு மேல் வீணாயிற்று. பிறகு நாமகிரித் தாயார் உத்தரவு கொடுத்ததாகத் தாயார் கனவு கண்டாராம். 1914 மார்ச்சில் கப்பலேறினார். தடுத்தது சாஸ்திரம், அதைத் தாண்டுவதற்கும் ஒரு கனவு வேண்டியிருந்தது! 1918-ல் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராக்கிற்று. நோயோடு 1919-ல் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல் 32 வயதில் இறந்தார். கடல் கடந்த தோஷத்திற்குப் பிராயச்சித்தம் ஆகவில்லை என்று வைதீக உறவினர் பெரும்பாலோர் சாவுக்கும் வரவில்லை. இன்று அவர் பெயரால் பெருமை பேசுகிறவர்கள் இதை மறைக்கக்கூடாது.

அவர் சாவையும் விதியின் மேல் போடுகிறார்கள். காசநோய் என்று எண்ணி வைத்தியம் பார்த்தார்கள். பழைய குறிப்புகளை ஆராய்ந்த யங் என்பவர், அது அமீபாவினால் ஈரலுக்கு வந்த நோயாக இருக்கலாமென்றும், அந்தக் காலத்திலேயே தீர்க்கக்கூடியது என்றும் 1994-ல் எழுதினார். அப்படியானால் தப்பியது வைத்தியமே தவிர ஜாதகமல்ல.

அந்த வீட்டில் கவனிக்க வேண்டிய இன்னொருவர் ஜானகி அம்மாள். 1909-ல் 10 வயதில் கல்யாணம். 21 வயதில் விதவை. தையல் வேலையும் சிறு உதவித்தொகையுமாக நெடுங்காலம் சென்னைத் திருவல்லிக்கேணியில் வாழ்ந்து, 1994-ல் காலமானார். உலகம் புகழ்ந்த மேதையின் மனைவியைக் காப்பாற்றியது சாஸ்திரமல்ல, அவர் கற்ற கைத்தொழில்.

நிற்க. சீமையிலும் இப்படி ஒரு வீடு இருக்கிறது. உயிர்கள் எப்படி மாறி வந்தன என்று காட்டிய டார்வின், அக்காலத்தில் கென்ட் ஜில்லாவைச் சேர்ந்த டவுன் என்ற கிராமத்தில் 1842 முதல் 1882 வரை வாழ்ந்த வீடு அது. 1929 முதல் ஜனங்கள் அதையும் தோட்டத்தையும் பார்த்து வருகிறார்கள். அங்கே டார்வின் மூன்றடி நீளம் இரண்டடி அகலம் உள்ள நிலத்தைக் கொத்திச் சுத்தம் செய்து, முளைத்த களைகளையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணினார். முளைத்தவை 357. அவற்றில் 295 அழிந்தன; பெரும்பாலும் நத்தையும் பூச்சியும் தின்றன. யாரும் மந்திரம் ஓதவில்லை. குனிந்து பார்த்தார், எண்ணினார், எழுதினார்.

அந்த எண்ணிக்கையை நம் ஊருக்குத் திருப்பிப் பாருங்கள். இராமானுஜம் ஏழைதான். ஆனால் அவருக்குத் திண்ணையும் பள்ளிக்கூடமும் இருந்தன. அதே காலத்தில் நம்மில் பெரும்பாலோருடைய பாட்டன்மாருக்குப் பள்ளிக்கூட வாசலே இல்லை. அக்கிரகாரத் தெருவில் செருப்போடு நடக்கவும் முடியாது. எத்தனை நல்ல மூளைகள் மாட்டுக்குப் பின்னாலும் நாற்றங்காலிலும் முளையிலேயே போயிருக்கும்! டார்வின் தோட்டத்தில் தின்றது நத்தை. இங்கே தின்றது சாதி ஏற்பாடும் தரித்திரமும். நத்தைக்குப் புத்தி சொல்ல முடியாது. மனிதன் செய்த ஏற்பாட்டை மனிதன் மாற்றலாம்.

தெய்வம் கொடுத்தது என்று சொல்லிவிட்டால் நமக்கு ஒரு வேலையும் இல்லை. கற்பூரம் கொளுத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம். புஸ்தகமும் சிலேட்டும் கொடுத்தது என்று ஒப்புக்கொண்டால், நம் பிள்ளைக்கு அவற்றைக் கொடுக்கும் பொறுப்பு நம் தலைமேல் வருகிறது. அந்தப் பொறுப்புக்குப் பயந்துதான் பலருக்குக் கனவுக் கதை இனிக்கிறது.

ஆகையால் தோழர்களே! அடுத்த தடவை கும்பகோணம் போகும்போது, பிள்ளைகளை, முக்கியமாகப் பெண் பிள்ளைகளை, அந்த வீட்டிற்கு அழைத்துப் போங்கள். அங்கே விழுந்து கும்பிடச் சொல்லாதீர்கள். இவ்வளவு சிறிய அறையிலிருந்து இவ்வளவு பெரிய வேலை எப்படி நடந்தது என்று கேட்கச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும், இந்த ஊரில் மாலையில் திறந்திருக்கும் படிப்பகம் ஒன்றும், அதில் நல்ல கணக்குப் புஸ்தகம் ஒன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை உண்டாக்குவதே நாம் இராமானுஜத்திற்குச் செய்யும் மரியாதை.