திகிற்படத்தின் தொடக்கம்

மாணவ நண்பர்களே! நீங்கள் ஐவர் கூடி, இரண்டு நிமிடம் ஓடும் திகிற்படத் தொடக்கம் ஒன்றை எடுக்க முனைகின்றீர்கள் எனக் கொள்வோம். முதற்கண் கருதத்தக்கது யாது? காமிராவன்று, காண்போர் உள்ளத்தில் எழவேண்டிய கேள்வியே.

1954ஆம் ஆண்டில் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ பாடலே இல்லாத படம். தொடக்கத்திலேயே நாயகன் சுடப்பட்டு வீழ்கின்றான். சுட்டவர் யாவர்? இவ்வொரு வினாவே படம் முழுவதையும் தாங்கி நிற்கின்றது.

ஆதலின், உங்கள் கேள்வியை ஐவரும் கூடி ஒரே வரியில் எழுதுங்கள். பின்னர்க் காட்சிகளை வரிசையாகத் தாளில் சிறு படங்களாக வரையுங்கள். கதவு, கை, காலடியோசை என எதனைக் காட்டுவது, எதனை மறைப்பது என்பதை அப்பொழுதே முடிவு செய்யுங்கள். அதன்பின் இயக்கம், ஒளிப்பதிவு, ஒலி, நடிப்பு, படத்தொகுப்பு எனப் பணிகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

கடுஞ்சோதனை தொகுப்பின்போது வரும். நண்பர் ஒருவர் மழையில் நனைந்து எடுத்த அழகிய காட்சியேயாயினும், அக்கேள்விக்கு உதவாதெனின் நீக்கப்படல் வேண்டும். நீக்குவோர் கனிவோடு காரணம் கூறுக; எடுத்தவர் மனங்கோணாது ஏற்க. கூட்டுப்பணியில் நீங்கள் பெறும் கல்வி இதுவேயாம்.