வலிப்பு எங்கிருந்து புறப்படுகிறது?

(அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





ஒரே ஒரு விஷயத்தைப் பேசத்தான் இன்று கூடியிருக்கிறோம். மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வரும் மனுக்களில் வலிப்பு நோய் மனுக்களும் உண்டு. அவற்றைப் பார்க்கும்போது கமிட்டியில் ஒரு கேள்வி எழுந்தது. "ஆபரேஷனுக்கு என்றால் கொடுக்கலாம். ஆபரேஷன் உண்டா இல்லையா என்றே தெரியாத சோதனைகளுக்கு ஏன் இவ்வளவு பணம்?" என்று கேட்டார்கள். அமானிதப் பணம் என்பதால் கேட்டார்கள், கேட்க வேண்டியதுதான். அதே வாரத்தில் ஒரு தாய் வந்து வேறு விதமாகக் கேட்டார். "பாய், வலிப்பை நிறுத்தத்தானே பிள்ளையைக் கூட்டிட்டுப் போனோம்? அங்கே மாத்திரையைக் குறைச்சு வலிப்பை வரவைக்கப் போறாங்களாம். இது என்ன வைத்தியம்?" என்றார். இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

முதலில், வலிப்பு என்றதும் ஜின், ஷைத்தான், கண்ணேறு என்று பேச்சு போய்விடுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வலிப்பு நோயுள்ள ஒரு பெண்மணி வந்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருப்பது ஆலிம்களுக்குத் தெரியும். நோய் வந்து விழும்போது தம் ஆடை விலகிவிடுகிறதே என்பதுதான் அந்த அம்மையாரின் பெருங்கவலை. பொறுமையைத் தேர்ந்துகொண்ட அவர், ஆடை விலகாதிருக்க மட்டும் துஆ செய்யக் கேட்டார். நபியவர்களும் துஆ செய்தார்கள். அவரைச் சுவனத்துப் பெண் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அடையாளம் காட்டியிருக்கிறார்கள். நாம் நம் பெண் பிள்ளைகளின் வலிப்பை நிக்காஹ் முடியும் வரை மறைத்து வைக்கிறோம்! மருத்துவம் செய்துகொள்ளும்படியும் அதே நபியவர்கள்தான் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். இப்னு சீனாவும் தம் 'கானூன்' நூலில் வலிப்பைத் தலையின் நோய்களோடு சேர்த்துத்தான் எழுதினார்.

வலிப்பு உள்ள எல்லோருக்கும் ஆபரேஷன் கிடையாது. மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு மாத்திரையிலேயே அடங்கிவிடும். பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் ஒழுங்காகச் சாப்பிட்டும் நிற்காவிட்டால், அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு. இந்த நிலையில் இருப்பவர் பெரிய மையம் ஒன்றுக்குப் போய் ஒருமுறையாவது காட்டிக்கொள்ள வேண்டும். பத்து வருஷம், பதினைந்து வருஷம் மாத்திரையை மாற்றி மாற்றிச் சாப்பிட்டுக் காலத்தைக் கடத்துவதைத்தான் நாம் பார்க்கிறோம். அதற்குள் பிள்ளையின் படிப்பு போய்விடுகிறது. அடுப்பிலும் கிணற்றடியிலும் விழுந்து காயப்பட்டவர்களும் நம் தெருக்களில் இருக்கிறார்கள்.

மூளையில் ஒரு சிறு இடத்தில் தவறான மின்னோட்டம் கிளம்பி மற்ற இடங்களுக்குப் பரவுவதுதான் பலருக்கு வலிப்பு. கிளம்பும் இடம் ஒன்றே என்று உறுதியானால், அதை எடுத்தால் பேச்சும் கைகாலும் நினைவும் கெடாது என்றும் தெரிந்தால், அப்போதுதான் டாக்டர்கள் கத்தியை எடுப்பார்கள். ஆகவே இடத்தைத் தேடுவதே பாதி வைத்தியம்.

அந்த இடத்தை முதலில் காட்டுவது மெஷின் அல்ல, கூட இருக்கும் உம்மாவும் மனைவியும்தான். கைகால் வெட்டி இழுப்பதை எல்லோரும் சொல்கிறார்கள். டாக்டருக்கு வேண்டியது அதற்கு முந்தைய சில நொடிகள். வயிற்றிலிருந்து ஏதோ மேலே எழும்புகிறது என்று பிள்ளை சொன்னதா? காரணமில்லாமல் பயந்ததா? பிறகு வெறித்துப் பார்த்து வாயைச் சப்புக்கொட்டியதா? அப்படியானால் காதுக்கு உட்புறமுள்ள டெம்பொரல் பகுதியை டாக்டர் நினைப்பார். கண்ணில் வண்ண ஒளி தெரிந்தால் பின்மூளை. கட்டைவிரலில் துடிப்பு தொடங்கி மணிக்கட்டு, முழங்கை என்று ஏறினால், கையை அசைக்கும் பகுதி. இந்த ஏறுவரிசையைக் கவனித்து இடத்தைச் சொன்னவர் 19-ஆம் நூற்றாண்டில் லண்டனில் இருந்த ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற டாக்டர். ஸ்கேன் எதுவும் இல்லாத காலம் அது. வலது கை முறுக்கினால் கோளாறு இடப்பக்க மூளையில் என்பது போன்ற அடையாளங்களும் உண்டு. ஆகவே வலிப்பு வரும்போது ஒருவர் பிள்ளையைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைக்கட்டும், இன்னொருவர் செல்போனில் படம் எடுக்கட்டும். படம் எடுப்பது பாவம் போல நினைத்து வாப்பாமார் சிலர் தடுக்கிறார்கள். வைத்தியத்துக்காக எடுக்கிறோம், டாக்டருக்குக் காட்டுகிறோம். ஊருக்கு அனுப்பாமல் இருந்தால் போதும்.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். அரை மணி நேரம் எடுக்கும் சாதாரண இ.இ.ஜி. சோதனையில், வலிப்பு வராத நேரத்தில், ஒன்றுமே தெரியாமல் போகலாம். திருடன் வராத நேரத்தில் காவல் நின்ற கதைதான். அதனால் தலையில் 20-க்கும் மேற்பட்ட சிறு உலோக வில்லைகளை ஒட்டி, எதிரே கேமரா வைத்து, சில நாட்கள் இரவு பகலாகப் பதிவு செய்கிறார்கள். வீடியோ இ.இ.ஜி. என்று இதற்குப் பெயர். உடம்பில் முதல் மாற்றம் தெரிந்த நொடியில் எந்த வில்லையில் அலை மாறியது என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அந்த நாட்களுக்குள் வலிப்பு வந்தால்தான் பார்க்க முடியும். மாத்திரையைக் குறைப்பது அதற்காக. பக்கத்திலேயே நர்ஸ் இருப்பார், நிறுத்தும் ஊசி தயாராக இருக்கும். இதைக் கேட்டுவிட்டு வீட்டில் யாரும் மாத்திரையைக் குறைத்துவிடாதீர்கள்; உயிருக்கே ஆபத்து. (ரமளானில் நோன்புக்காகத் தாமாகவே வேளையை மாற்றிக்கொள்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறோம். டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள்.)

அங்கே துணைக்கு இருப்பவருக்குப் பெரிய வேலை இருக்கிறது. வலிப்பு வந்தால் பட்டனை அழுத்த வேண்டும், போர்வையை விலக்க வேண்டும், பெயரைக் கேட்க வேண்டும், கையைத் தூக்கச் சொல்ல வேண்டும். நம்மவர்கள் செய்வது என்ன? இரும்புச் சாவியைக் கையில் திணிக்கிறார்கள். கை எப்படி முறுக்குகிறது என்பதைத்தான் கேமரா பார்க்கக் காத்திருந்தது, அது போய்விடுகிறது. சாவிக்கு வலிப்பை நிறுத்தும் சக்தி கிடையாது. அது தானாகவே நிற்கும் நேரத்தில் நிற்கிறது. காதில் பாங்கு சொல்ல ஓடி வந்து முகத்தை மறைத்துக்கொண்டு நிற்பவர்களும் உண்டு. ஓதுங்கள், தடையில்லை. கேமராவுக்கு வழிவிட்டு ஓரமாக நின்று ஓதுங்கள்.

பெண் பிள்ளைகளை இந்தச் சோதனைக்கு அனுப்பத் தயங்குகிறார்கள். தலையைத் திறக்க வேண்டும், கேமரா ஓடிக்கொண்டே இருக்கும் என்பது நியாயமான தயக்கம்தான். வில்லைகளை ஒட்டிய பிறகு அவற்றை இழுக்காதபடி தளர்வாகத் துப்பட்டா போடலாமா என்று கேளுங்கள். முகமும் கைகளும் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஒட்டுவதற்குப் பெண் ஊழியர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், துணைக்கு உம்மாவோ லாத்தாவோ இருக்கட்டும். முழங்கால் வரை மூடும் கால்சட்டையை உள்ளே அணிவித்துவிட்டால், அந்தச் சுவனத்துப் பெண்மணி எதற்குக் கவலைப்பட்டாரோ அந்தக் கவலையும் குறையும். போவதற்கு முந்திய நாள் எண்ணெய் போகத் தலைக்குக் குளிக்க வைத்துவிடுங்கள்.

"எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சே, அதில் புள்ளி தெரியுதே, பிறகென்ன?" என்று கேட்கிறார்கள். நம் நாட்டில் ஸ்கேனில் தெரியும் புள்ளி பல நேரங்களில் நாடாப்புழுவின் முட்டையால் வந்த பழைய தழும்பு. நாம் பன்றி இறைச்சியைத் தொடாதவர்களாயிற்றே என்று வியப்பவர்கள் உண்டு. புழுவைச் சுமப்பவரின் மலம் கலந்த நீரிலும் கழுவாத காய்கறியிலும் இருந்து முட்டை யார் வயிற்றுக்கும் வரும். நியூயார்க்கில் பன்றி இறைச்சியே சேர்க்காத யூதக் குடும்பங்களுக்கு இப்படி வந்ததை 1992-இல் டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் தழும்பு ஓரிடத்திலும் வலிப்பு புறப்படுவது வேறிடத்திலும் இருக்கலாம். ஆகவே ஸ்கேன், வீடியோ, மின்னலை மூன்றும் ஒரே இடத்தைச் சொல்கின்றனவா என்று பார்க்கிறார்கள். சொல்லாவிட்டால் பெட் ஸ்கேன் எடுக்கிறார்கள். கோளாறான பகுதி வலிப்பு இல்லாத நேரத்தில் சர்க்கரையைக் குறைவாக இழுப்பதை அது காட்டும். அதிலும் தெளியாதபோது, சிலருக்கு மட்டும், மண்டை ஓட்டில் சிறு துளைகள் இட்டு மெல்லிய கம்பிகளை மூளைக்குள்ளேயே செலுத்திப் பதிவு செய்வார்கள். இது பாரிஸில் தலைராக், பாங்கோ என்ற இரு டாக்டர்கள் வகுத்த முறை.

நினைவாற்றல் சோதனை என்று ஒரு நாள் முழுக்கக் கேள்வி கேட்பதையும் வீண் என்று எண்ண வேண்டாம். 1953-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு ஸ்கோவில் என்ற டாக்டர் ஆபரேஷன் செய்தார். எந்தப் பக்கத்திலிருந்து வலிப்பு கிளம்புகிறது என்று மின்னலைச் சோதனையில் தெரியவில்லை. இருந்தும் இரண்டு பக்க டெம்பொரல் பகுதிகளின் உட்புறத்தையும் எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து புதிதாக எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. தினமும் பார்த்த டாக்டரும் அவருக்குப் புது முகம்தான். 2008-இல் மௌத்தாகும் வரை 55 ஆண்டுகள் அப்படியே வாழ்ந்தார். இன்று எந்தப் பக்கம் என்று உறுதியாகாமல், மறுபக்கம் நினைவைத் தாங்குமா என்று பார்க்காமல் யாரும் தொடாததற்கு அந்த மனிதரின் வாழ்க்கைதான் காரணம்.

நமக்கு இதெல்லாம் தூரத்துக் கதை அல்ல. கனடாவின் மான்ட்ரியலில் பென்ஃபீல்டு என்பவர் நோயாளியை விழிக்க வைத்தே மூளையைச் சிறு மின்சாரத்தால் தொட்டு, என்ன உணர்கிறாய் என்று கேட்டுக் கேட்டு இடம் கண்டுபிடித்தார். மூளைக்கு வலி தெரியாது. அவரிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கினார். வலிப்புக்கான ஆபரேஷனும் 1950-களிலேயே அங்கு நடந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995 முதல் இதற்கென்றே தனித் திட்டம் நடக்கிறது. டெல்லி எய்ம்ஸில் 116 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்ததில், ஆபரேஷன் ஆனவர்களில் 77 சதவீதம் பேருக்கு வலிப்பு இல்லை. மருந்தோடு மட்டும் இருந்தவர்களில் அது 7 சதவீதம். பக்க விளைவுகளும் சிலருக்கு இருந்தன. அதை மறைக்கக் கூடாது. இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துத் தேர்ந்தெடுத்த பிள்ளைகளின் கணக்கு இது என்பதையும் கவனியுங்கள்.

எல்லாம் முடிந்து "ஆபரேஷன் வேண்டாம்" என்று டாக்டர்கள் சொன்னால் பணம் வீணா? இரண்டு பக்கமும் வலிப்பு கிளம்புகிறவரையும், பேச்சுப் பகுதியிலேயே கிளம்புகிறவரையும் அந்தச் சோதனைதான் கத்தியிலிருந்து காப்பாற்றுகிறது. சிலருக்கு வந்தது வலிப்பே அல்ல, மனச்சுமையால் வரும் இழுப்பு என்று தெரிந்து, ஆண்டுக்கணக்கில் விழுங்கிய மாத்திரை நிற்கிறது. இவர்களுக்குச் செலவழித்ததை நாம் நஷ்டக் கணக்கில் எழுத முடியாது.

ஆகவே கமிட்டி ஒருமனதாக முடிவு செய்திருக்கிறது. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புள்ள ஏழைக் குடும்பங்களுக்கு இனி சோதனைக் கட்டத்திலேயே உதவி கிடைக்கும், இன்ஷா அல்லாஹ். முடிவில் ஆபரேஷன் உண்டா இல்லையா என்று கேட்க மாட்டோம். ஜகாத் நிதியிலிருந்து தருவதைக் குடும்பத்தின் கையிலேயே ஒப்படைப்போம், தகுதி வறுமைதான். துணைக்கு இருப்பவரின் சாப்பாட்டுக்கும் ரயில் கட்டணத்துக்கும் சதகா நிதியிலிருந்து தனியாகக் கொடுப்போம். ஒரு வாரம் கூலி இழந்து உடன் இருக்க முடியாமல்தான் பலர் பாதியில் திரும்பி வருகிறார்கள்.

மனுக் கொடுப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் கொண்டு வராமல் படத்தின் சி.டி.யையும் எடுத்து வாருங்கள். பழைய இ.இ.ஜி. காகிதங்கள், இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் பெயரும் அளவும், செல்போனில் எடுத்த வீடியோ, ரேஷன் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அது, எல்லாம் வேண்டும். வலிப்பு வந்த தேதி, நேரம், முதலில் தெரிந்த அடையாளம் எழுதி வைக்க ஒரு நோட்டு இலவசமாகத் தருகிறோம். எழுதத் தெரியாத தாய்மார்களுக்கு மதரஸா பிள்ளைகள் எழுதித் தருவார்கள்.