டீசல் ரிட்டர்ன் பைப் கசிவு: மீண்டும் மீண்டும் வருவது ஏன்?

(உழவர்களுக்கான பண்ணை எந்திரப் பராமரிப்புப் பயிற்சியில் ஆற்றிய உரை)



நம்மில் பலரிடம் இருபது, முப்பது ஆண்டுகள் ஓடிய டீசல் லாரியோ டிராக்டரோ இருக்கின்றது. உழவுக்கும், நெல் மூட்டை ஏற்றவும், கரும்பை ஆலைக்குக் கொண்டு செல்லவும் இவை இன்றும் உழைக்கின்றன. இத்தகைய வண்டிகளில் அடிக்கடி காணப்படும் ஒரு குறை, என்ஜின் தலைப்பகுதியில் டீசல் கசிவதாகும். மெக்கானிக் வந்து போல்ட்டை முறுக்குவார்; பத்து நாள் நிற்கும்; பிறகு மீண்டும் ஈரம் தெரியும். வாஷரை மாற்றுவார், மறுபடியும் கசியும். கடைசியில், "பழைய வண்டி என்றால் அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட்டுவிட வேண்டியதில்லை. காரணத்தை அறிந்து சரி செய்தால் இக்கசிவு நிற்கும். அதற்கான வழிகளை இன்று காண்போம்.

ரிட்டர்ன் பைப்பின் வேலை

டேங்கில் இருந்து வரும் டீசல், பில்டரில் வடிகட்டப்பட்டு, பம்ப்புக்குச் சென்று, அங்கிருந்து மிகுந்த அழுத்தத்துடன் இன்ஜெக்டருக்குச் செல்கின்றது. பழைய என்ஜின்களில் இன்ஜெக்டர் திறக்கும் அழுத்தமே சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ அளவில் இருக்கும். இன்ஜெக்டர் நாசிலுக்குள் ஊசி போன்ற ஒரு வால்வு மேலும் கீழும் அசைகின்றது. அந்த ஊசிக்கும் அதன் கூட்டுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் சில பங்கு மட்டுமே. அந்த இடைவெளி வழியே சிறிதளவு டீசல் மேலே ஏறி, ஊசிக்கு எண்ணெய்ப் பசையாகவும் உதவுகின்றது. அப்படி ஏறும் டீசலைத் திருப்பிக் கொண்டு செல்வதே ரிட்டர்ன் பைப். சில வண்டிகளில் அது டேங்குக்கும், சிலவற்றில் பில்டருக்கும் செல்கின்றது. பம்ப்பில் மிகுதியாகும் டீசலும் இதே வழியில் சேர்வதுண்டு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இன்ஜெக்டருக்குச் செல்லும் பைப்பில்தான் பெரும் அழுத்தம். திரும்பி வரும் பைப்பில் அழுத்தம் மிகமிகக் குறைவு. வாய்க்காலில் நீர் செல்வது போல டீசல் தானாக வடிந்து செல்ல வேண்டும். அழுத்தமே இல்லாத பைப் ஏன் திரும்பத் திரும்பக் கசிகின்றது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முக்கியமான காரணங்கள் மூன்று. ஒன்று, ரப்பரோ வாஷரோ கெட்டிருக்கும். இரண்டு, உட்காரும் முகம் கோணலாகவோ கீறல் விழுந்தோ இருக்கும். மூன்று, அழுத்தம் இருக்கக் கூடாத இடத்தில் அழுத்தம் ஏற்பட்டிருக்கும். முதலிரண்டை மட்டும் சரி செய்து மூன்றாவதை விட்டுவிடுவதாலேயே பல வண்டிகளில் கசிவு திரும்ப வருகின்றது.

கசிவை அலட்சியம் செய்தால் வரும் கேடு

முதலாவது, செலவு. கசியும் இடத்தின் கீழ் ஒரு பாட்டிலைக் கட்டி ஒரு மணி நேரம் அளந்து பாருங்கள். மணிக்கு 100 மில்லி லிட்டர் என்றால், நாளொன்றுக்கு 8 மணி நேர வேலையில் 800 மில்லி லிட்டர் போகின்றது. 25 நாளில் அது 20 லிட்டர்.

இரண்டாவது, தீ விபத்து. பாரம் இழுக்கும்போது எக்சாஸ்ட் குழாயின் சூடு, டீசல் தானாகவே பற்றிக்கொள்ளும் அளவைத் தாண்டிவிடும். அதன்மேல் டீசல் சொட்டினாலும், பக்கத்தில் வைக்கோல் தூசு படிந்திருந்தாலும் என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கதிரடிக்கும் களத்தில் நிற்கும் டிராக்டரில் இது மிகவும் ஆபத்தானது.

மூன்றாவது கேடு கண்ணுக்குத் தெரியாதது. சில என்ஜின்களில் ரிட்டர்ன் பைப், வால்வு மூடிக்கு உள்ளேயே செல்கின்றது. அங்கே கசிந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது. டீசல் என்ஜின் ஆயிலுடன் கலந்து அதை நீர்க்கச் செய்துவிடும். பேரிங்குகள் தேய்ந்து, இறுதியில் கிராங்க் கெட்டுவிடும். ஆகவே ஆயில் அளவுக் கம்பியை வாரம் ஒரு முறை பாருங்கள். அளவு குறையவில்லை, கூடியிருக்கிறது என்றால் மகிழ வேண்டாம்! உடனே முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தால் வண்டியை ஓட்டாமல் நிறுத்தி, கசிவைச் சரி செய்து, ஆயிலையும் ஆயில் பில்டரையும் மாற்றிய பின்னரே ஓட்ட வேண்டும்.

காலையில் ஸ்டார்ட் ஆக மறுப்பதற்கும் இக்கசிவு காரணமாகலாம். டேங்க் என்ஜினை விட உயரத்தில் இருந்தால், பழுதான இடத்தில் டீசல் வெளியே சொட்டும். லாரியைப் போல டேங்க் கீழே இருந்தால், இரவில் அதே ஓட்டை வழியாகக் காற்று உள்ளே புகுந்து, டீசல் டேங்குக்கு இறங்கிவிடும்.

கசியும் இடத்தைக் கண்டறிதல்

ஈரம் தெரியும் இடமும் கசியும் இடமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. டீசல் பைப்பின் மேலேயே வழிந்து சென்று வேறிடத்தில் சொட்டும். விசிறிக் காற்றும் அதைப் பின்னுக்குத் தள்ளும். எனவே கீழ்க்கண்டவாறு செய்யுங்கள்.

என்ஜின் ஆறிய பிறகு தலைப்பகுதியைச் சோப்பு நீரால் கழுவி, துணியால் துடைத்து நன்கு உலர விடுங்கள். பிறகு எல்லா இணைப்புகளின் மேலும் சாக்குக்கட்டித் தூளை மெல்லியதாகத் தூவுங்கள். கோலமாவு வேண்டாம், அதில் கல் துகள் இருக்கும். என்ஜினைக் குறைந்த வேகத்தில் ஓட்டி உற்றுப் பாருங்கள். முதலில் எந்த இடத்தில் தூள் கறுக்கின்றதோ, அதுவே கசியும் இடம். என்ஜினை நிறுத்திய பிறகும் ஒரு மணி நேரம் விட்டு மறுபடியும் பாருங்கள். வேலை முடிந்ததும் தூளைத் துடைத்துவிட்டே இணைப்புகளைக் கழற்ற வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: பம்ப்பில் இருந்து இன்ஜெக்டருக்குச் செல்லும் அழுத்த பைப் கசிகிறதா என்று ஓடும் என்ஜினில் விரலை வைத்துப் பார்க்கவே கூடாது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். ஊசி குத்திய அளவே தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இங்கே கூறுபவை பழைய பம்ப் என்ஜின்களுக்கு மட்டுமே. இப்போது வரும் காமன் ரெயில் என்ஜின்களில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1,000 கிலோவுக்கும் மேல். அவற்றை நாமாகப் பிரிக்கக் கூடாது.

அழுத்தம் ஏன் ஏற்படுகின்றது?

முதலில் பைப்பில் அடைப்பு உள்ளதா என்று பாருங்கள். ரிட்டர்ன் பைப்பின் என்ஜின் பக்க முனையைக் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்து வைத்து, சைக்கிள் பம்ப்பால் மெதுவாகக் காற்று அடியுங்கள். காற்று தடையின்றி டேங்குக்குள் செல்லும் ஓசை கேட்க வேண்டும். வாயால் ஊதவோ உறிஞ்சவோ கூடாது. டீசல் நுரையீரலுக்குள் சென்றால் உயிருக்கே ஆபத்து. பைப் எங்காவது நசுங்கியோ மடங்கியோ உள்ளதா என்றும் தடவிப் பாருங்கள்.

அடுத்து டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளையைக் கவனியுங்கள். சேறும் தூசும் அதை அடைத்துவிடும். வெயிலில் நின்ற வண்டியின் மூடியைத் திறக்கும்போது "உஸ்" என்று காற்று வெளிவந்தால் துளை அடைத்திருக்கிறது என்று பொருள்.

இவை இரண்டும் சரியாக இருந்தால், நாசிலைச் சோதிக்க வேண்டும். ஊசி தேய்ந்துவிட்டால், மேலே ஏறும் டீசலின் அளவு பலமடங்கு பெருகும். அந்த மெல்லிய பைப்பால் அதைத் தாங்க முடியாது. ரிட்டர்ன் பைப்பைக் கழற்றி, அதன் டேங்க் பக்க முனையை அடைத்துவிட்டு, ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் துளையிலும் ஒரு சிறு குழாயை மாட்டி, தனித்தனி பாட்டிலில் விடுங்கள். பம்ப்பின் ரிட்டர்ன் கிளையைத் தனியே ஒரு வாளியில் விடுங்கள். பாட்டில்கள் சைலன்சருக்கு அருகில் இருக்கக் கூடாது. என்ஜினைக் குறைந்த வேகத்தில் 10 நிமிடம் ஓட்டி, பாட்டில்களை ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவாகச் சிறிதே இருந்தால் நாசில்கள் மீது குற்றமில்லை. ஒரு பாட்டிலில் மட்டும் மிகுதியாக இருந்தால், அந்த ஒரு நாசிலை மட்டும் சோதனைக்கு அனுப்பினால் போதும். "நான்கையும் மாற்ற வேண்டும், பம்ப்பையும் இறக்க வேண்டும்" என்று யாராவது சொன்னால், பணம் கொடுக்கும் முன் இந்தப் பாட்டில் கணக்கைக் காட்டுங்கள்.

சரி செய்யும் முறை

ரப்பர் ஹோஸ்களில் ஒன்று கெட்டால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். எல்லாம் ஒரே வயதுடையவை. இன்று ஒன்றை மாற்றினால் அடுத்த மாதம் பக்கத்து ஹோஸ் கசியும். டீசலுக்கென்றே விற்கப்படும் நைட்ரைல் ரப்பர் ஹோஸையே வாங்க வேண்டும். சைக்கிள் டியூப் போன்ற சாதாரண ரப்பர் டீசலில் ஊறி உப்பிவிடும். தச்சரும் கொத்தனாரும் மட்டம் பார்க்கும் பிளாஸ்டிக் டியூப் சில மாதங்களில் விறைத்து வெடித்துவிடும். ஹோஸின் உள்விட்டம் நிப்பிளை இறுக்கிப் பிடிக்கும் அளவில் இருக்க வேண்டும். கூரிய பிளேடால் நேராக வெட்டி, முழுவதும் உள்ளே தள்ளுங்கள். கட்டுக்கம்பியால் கட்டினால் ரப்பர் அறுந்துவிடும், கிளிப்பையே பயன்படுத்துங்கள்.

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நம் நாடெங்கும் கந்தகம் மிகக் குறைந்த டீசலே விற்கப்படுகின்றது. அமெரிக்காவில் 1993-இல் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோது, பழைய வண்டிகள் சிலவற்றில் சீல்கள் சுருங்கிக் கசிந்தன. பழைய டீசலில் பல்லாண்டு ஊறி உப்பிய ரப்பர், புதிய டீசலில் சுருங்கியதே காரணம். எனவே உங்கள் வண்டியில் உள்ளது மிகப் பழைய ரப்பர் என்றால், கசியும் வரை காத்திராமல் மாற்றிவிடுவது நன்று.

அடுத்து, நடுவில் துளையுள்ள பேஞ்சோ போல்ட்டுகள். இவை ஒவ்வொன்றுக்கும் பைப் வளையத்தின் மேலும் கீழுமாக இரண்டு செம்பு வாஷர்கள் உண்டு. ஒருமுறை நசுங்கிய செம்பு கெட்டிப்பட்டுவிடும். மறுபடி இறுக்கினால் படியாது. புது வாஷர் போடுவதே சிறந்தது. அவசரத்திற்குப் பழைய செம்பு வாஷரைச் செந்நிறமாகக் காயவைத்து நீரில் போட்டால் மீண்டும் மென்மையாகும். அதன் மேல் உள்ள கறுப்பை நன்கு துடைத்துவிட்டுப் போடுங்கள். அலுமினிய வாஷரில் இதைச் செய்யக் கூடாது.

வாஷர் உட்காரும் முகங்களைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். போல்ட்டை முதலில் கையால் முழுவதும் ஏற்றுங்கள். பைப் இயல்பாகப் பொருந்த வேண்டும். இழுத்து வளைத்துப் பொருத்தினால் அதிர்வில் விரிசல் விடும். ஒரு ஸ்பானரால் இன்ஜெக்டரைத் திரும்பாமல் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் அளவாக இறுக்குங்கள். இங்கே பலத்தைக் காட்ட வேண்டாம். உள்ளே துளை உள்ள போல்ட் என்பதால் எளிதில் முறியும். நூல், டேப், ஒட்டுப்பசை எதையும் சுற்றக் கூடாது. அவற்றின் துணுக்குகள் பில்டரையும் வால்வையும் அடைக்கும். பைப்பைப் பிடிக்கும் கிளாம்ப் இல்லையென்றால் கட்டாயம் பொருத்துங்கள்.

பின்னர் பில்டரின் காற்றுத் திருகைத் தளர்த்தி, கைப்பம்ப்பை அழுத்தி, குமிழி இல்லாத டீசல் வரும் வரை காற்றை வெளியேற்றுங்கள். என்ஜினை 10 நிமிடம் ஓட்டிப் பார்த்து, ஒரு நாள் வேலைக்குப் பிறகு மறுபடியும் சாக்குக்கட்டித் தூள் சோதனையைச் செய்யுங்கள். இரண்டாம் முறையும் தூள் வெள்ளையாகவே இருந்தால் பழுது நீங்கியது என்று கொள்ளலாம்.

உழவர் பெருமக்களே! வயலில் மடை கசிந்தால் வெளியே மண்ணைப் போட்டுக்கொண்டே இருக்க மாட்டோம். உள்ளே நண்டு வளை உள்ளதா, வாய்க்காலில் அடைப்பு உள்ளதா என்று பார்ப்போம். என்ஜினுக்கும் அதே முறைதான். பருவ வேலை தொடங்கும் முன் ஒரு நாளை இதற்கென ஒதுக்கி, ஹோஸ், வாஷர், டேங்க் மூடி, நாசில் ஆகிய நான்கையும் பார்த்துவிடுங்கள். நடவு நாளில் வண்டி நிற்காது.