ஏன் என்று கேட்கும் பிள்ளை

 

"பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள்" என்று 25 ஆண்டுகளாக இச்சங்கத்தார் வீடு வீடாகச் சென்று சொல்லி வந்துள்ளனர். அவ்வுழைப்பு வீண்போகவில்லை. பள்ளிக்குச் செல்லும் பிள்ளை அங்கே எதைக் கற்று வீடு திரும்புகிறது என்று கேட்க வேண்டிய காலம் இப்போது வந்திருக்கிறது. ஆகவே, தொடக்கப் பள்ளியில் அறிவியல் முறையைக் கற்பிப்பது பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

அறிவியல் என்றவுடன் கண்ணாடிக் குழாய்களும் அமிலப் புட்டிகளும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை கருவிகள் மட்டுமே. உற்று நோக்குதல், ஏன் என்று வினவுதல், காரணத்தை ஊகித்தல், ஊகத்தைச் சோதித்தல், சோதனை காட்டும் முடிவை ஏற்றல் என்னும் ஐந்தும் சேர்ந்ததே அறிவியல் முறை. ஆறு வயதுப் பிள்ளைக்கும் இது கைகூடும். ஐந்தாவது படி மட்டும் அறுபது வயதினர்க்கும் கடினம்!

நான்காம் வகுப்பில் நான் செய்விக்கும் சோதனை ஒன்றைக் கூறுகிறேன். இரண்டு கொட்டாங்கச்சிகளில் ஒரே மண்ணை இட்டு, ஒவ்வொன்றிலும் பத்துப் பச்சைப்பயறு ஊன்றி, நாள்தோறும் ஒரே அளவு நீர் விடுகிறோம். ஒன்று சன்னலோரத்தில் இருக்கும். மற்றொன்று மூடிய பெட்டிக்குள். இருட்டில் பயறு முளைக்குமா? முளைக்காது என்றே பெரும்பாலான பிள்ளைகள் எழுதுவர். ஒரு வாரம் கழித்துப் பெட்டியைத் திறந்தால், அங்கும் முளைத்திருக்கும். வெளிச்சத்தில் வளர்ந்ததைவிட நெடிதாக நீண்டு, வெளிறி, வலுவின்றிச் சாய்ந்திருக்கும். முளைப்பதற்குப் பயற்றுக்குள் சேமித்த உணவே போதும். பச்சை பிடித்துத் தழைக்கத்தான் ஒளி வேண்டும் என்பதைப் பிள்ளைகள் தம் கண்ணால் கண்டு தெளிகின்றனர்.

மண்ணும் நீரும் ஏன் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. ஒன்றைத் தவிர மற்றவை யாவும் சமமாக இருந்தால்தான், வேறுபாட்டுக்குக் காரணம் இன்னது என்று துணிந்து கூற முடியும். இளைஞர்களே, இவ்விதியை மனத்தில் இருத்துங்கள். பிறப்பினால் அறிவு கூடும், குறையும் என்று நமக்குப் பன்னெடுங்காலம் சொல்லப்பட்டது. அப்படிச் சொன்னவர்கள் என்றேனும் மண்ணையும் நீரையும் ஒளியையும் சமமாகத் தந்து பார்த்தார்களா? ஒரு பயற்றைப் பெட்டிக்குள் அடைத்துவிட்டு, "இதன் இனமே வெளிறியது" என்றார்கள்! நான்காம் வகுப்பு மாணவனே இச்சோதனை செல்லாது என்று கூறிவிடுவான்.

தண்ணீர் பற்றிய இரண்டு நிகழ்ச்சிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 1854இல் லண்டன் நகரில் காலரா பரவியது. கெட்ட காற்றினால் நோய் வருகிறது என்று அன்று பலரும் நம்பினர். ஜான் சுனோ என்னும் மருத்துவர் வீடு வீடாகச் சென்று, இறந்தவர்கள் எங்கே தண்ணீர் எடுத்தனர் என்று கணக்கெடுத்தார். பெரும்பாலோர் பிராட் தெருவிலிருந்த ஒரே அடிபம்பின் நீரைக் குடித்தவர்கள் எனக் கண்டார். அப்பம்பின் கைப்பிடி அகற்றப்பட்டது. 1927 மார்ச் 20 அன்று, மகாடு நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தம் மக்களோடு இறங்கி நீர் பருகினார். குளம் தீட்டாகிவிட்டது என்று கூறி, சாணமும் கோமியமும் கொண்டு அதற்குச் சடங்கு செய்தனர். முன்னதில் கணக்கு இருந்தது. பின்னதில் வெறும் சொல்தான் இருந்தது. "உனக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்கு முன்னால் தீட்டு நிற்காது.

நாட்டுப்புறப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எட்டுமா என்று ஐயுறுவோர் உண்டு. மத்தியப் பிரதேசத்தில், அப்போது ஓசங்காபாத் எனப்பட்ட மாவட்டத்தில், 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கியது. கிஷோர் பாரதி, நண்பர்கள் ஊரக மையம் என்னும் இரு தொண்டு நிறுவனங்கள் அதனை முன்னின்று நடத்தின. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகள் குழுவாக அமர்ந்து, தாமே சோதனை செய்து, விடையைத் தாமே எழுதினர். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே தேர்வு எழுதினர். ஏனெனில், மனப்பாடம் அங்கே உதவாது. 1978இல் மாவட்டம் முழுவதற்கும் அது விரிந்தது. 1982இல் தோன்றிய ஏகலைவ்யா நிறுவனம் அப்பணியைத் தொடர்ந்தது. 2002இல் மாநில அரசு அத்திட்டத்தை நிறுத்திவிட்டது. எனினும், அரசுப் பள்ளியில் பயிலும் சிற்றூர்ப் பிள்ளையும் அறிவியலைத் தானே கண்டறிய முடியும் என்பதை அந்த முப்பது ஆண்டுகள் மெய்ப்பித்துவிட்டன.

நமக்கும் பொருள்கள் அருகிலேயே உள்ளன. நம் விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்ற ஊர். ஒரே களிமண்ணில் இரண்டு சிறு கிண்ணங்கள் செய்து, நிழலில் உலர்த்தி, ஒன்றை மட்டும் சூளையில் இட்டுச் சுடுங்கள். பின்னர் இரண்டையும் நீரில் போடுங்கள். சுடாதது கரைந்து மீண்டும் சேறாகும், சுட்டது நிற்கும். ஏன் என்று பிள்ளைகள் கேட்கட்டும். இக்கேள்வியிலிருந்து புறப்படும் பிள்ளை, நாளை சூளைக்கு விறகு சுமக்கும் கூலியாக நில்லாமல், அத்தொழில்நுட்பத்தைக் கற்றுத் தேர்ந்தவராக வரக்கூடும்.

நம் அரசியலமைப்பில் 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம், அறிவியல் மனப்பான்மையையும் ஆராய்ந்து வினவும் இயல்பையும் வளர்ப்பதைக் குடிமக்களின் கடமையாக்கியது. அக்கடமையை நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். பிறர் சொன்ன தீட்டைச் சோதிக்கும் நாம், நாம் நம்பும் தாயத்தையும் மந்திரிப்பையும் அதே தராசில் நிறுக்க வேண்டும்.

மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குறிப்பேடு கொடுங்கள். வாரம் ஒரு கேள்வி, ஓர் ஊகம், ஒரு சோதனை, ஒரு முடிவு அதில் எழுதப்படட்டும். ஊகம் தவறினால் நகைக்காதீர்கள். "எனக்குத் தெரியாது, பார்ப்போம்" என்று சொல்லும் பிள்ளையைப் பாராட்டுங்கள். தாய்மார்களே, பிள்ளை ஏன் என்று கேட்கும்போது "வாயை மூடு" என்று சொல்லாதீர்கள். அச்சொல்லை நம் முன்னோர் பிறரிடம் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டனர். நம் வீட்டிலும் அது ஒலிக்க வேண்டாம்.