பாடியவர் பெயரிலேயே கணக்கு

வன்னிக் கலைஞர் மேடை தேடிக் கொழும்புக்குப் போன காலம் கடந்துவிட்டது. கிளிநொச்சியில் ஒரு கைபேசியில் பதிவாகும் பாட்டு அன்றைக்கே ரொறன்ரோவிலும் பாரிஸிலும் கேட்கிறது. பாட்டு போய்ச் சேருகிறது. காசு திரும்பி வரவேண்டும்!

அதற்கு முதல் வழி யூடியூப். வழமையான முறையில் 1,000 சந்தாதாரர்களும், 12 மாதங்களில் 4,000 மணிநேரப் பார்வையும் சேர்ந்தால் விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்கும். கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிசெய்ய ஆறு இலக்க எண்ணோடு ஒரு கடிதம் புறப்படும். அது கடல் கடந்து புதுக்குடியிருப்புத் தபால் கந்தோருக்கு வந்து சேர வாரங்கள் ஆகும். அந்தச் சின்னக் கடிதம் தவறினால், முகவரி உறுதியாகும்வரை பணம் முடங்கி நிற்கும். 100 டொலர் நிறைந்த பிறகே பணம் வங்கிக்கு வரும்.

இரண்டாவது வழி ஸ்பொட்டிஃபை. அது 2021இல் இலங்கைக்கு வந்தது. 2024 முதல், ஆண்டுக்கு 1,000 தடவையேனும் கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே பணம் இல்லை. மூன்றாவது வழி, இரசிகரே விலைகொடுத்து வாங்கும் பாண்ட்காம்ப். மின்வடிவ விற்பனையில் நூற்றுக்கு 15 அதன் பங்கு. ஆனால் அதன் பணம் பேபால் வழியே வரும். பேபாலில் இலங்கையர் பணம் செலுத்தலாம், பெறமுடியாது என்ற நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்தது. உழைப்பு இங்கே, கணக்கு வெளிநாட்டு உறவினர் பெயரிலே!

பெயர் என்றதும் முல்லைமோடிக் கூத்தைப் பயிற்றும் அண்ணாவியார் நினைவுக்கு வராமல் போகார். கோவலன் கூத்தை ஏடு பாராமல் விடியவிடியப் பாடுகிறவர் அவர். கமராவோடு வருகிறார்கள், எடுக்கிறார்கள், தங்கள் அலைவரிசையில் ஏற்றுகிறார்கள். அண்ணாவியார் பெயர் எங்கே? படத்துக்குக் கீழே ஒரு வரிகூட இல்லை. கலையை வாழவைக்கிறோம் என்று முழங்குகிறவர்கள் முதலில் கலைஞரின் பெயரை வாழவைக்கட்டும்!

புகழ்பெற்றவர்களுக்கும் இதே கதிதான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த முன்னோரின் நினைவைச் சுமந்த 'எஞ்சாயி எஞ்சாமி' 2021 மார்ச்சில் வெளிவந்தது. கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். அதிலிருந்து தமக்கு ஒரு சதமும் வரவில்லை என்று 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். கோடிப் பேர் கேட்ட பாட்டுக்கே அந்த நிலை என்றால், வற்றாப்பளையில் பாடுகிற அண்ணாவியாருக்கு யார் கணக்குக் காட்டப்போகிறார்?

சட்டம் கலைஞர் பக்கம் நிற்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி படைப்புக்குப் பதிப்புரிமை தானாகவே உண்டு, பதிவுசெய்யத் தேவையில்லை. பாடுகிறவருக்கும் ஆடுகிறவருக்கும் ஆற்றுகையாளர் என்ற உரிமை தனியே உண்டு.

ஆகவே படம்பிடிக்க முன்னரே பங்கு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். மூலப்பதிவின் ஒரு பிரதி கலைஞர் வீட்டில் இருக்கவேண்டும். பாடியவர், தாளம் போட்டவர், உடுப்புக் கட்டியவர் எல்லோர் பெயரும் பதிவின் கீழே வரவேண்டும். கடவுச்சொல் கலைஞர் கையிலும், வங்கிக் கணக்கு கலைஞர் பெயரிலும் இருக்கவேண்டும். பனையோலைப் பெட்டி இழைக்கும் அம்மாவுக்கும், ஓவியம் விற்கும் இளைஞனுக்கும், கூத்தாடும் அண்ணாவியாருக்கும் இதுவே விதி.