வாளும் வளாகமும்
(பொன்விழா கல்வி நிதி நிகழ்ச்சியில் இளையர் பிரிவு சார்பில் ஆற்றிய உரை)





இளையர் பிரிவில் இருக்கும் நாங்கள் பெரும்பாலும் கடைக்காரர்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளோமா முடித்து, தேசியச் சேவையையும் முடித்து, அத்தா கடைக்கே திரும்பி வந்தவர்கள். பேராசிரியர்போல் பேச எங்களுக்கு வராது. கல்வி நிதி பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். நிதியைப் பற்றிப் பேசினால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் ஒரு மனிதரைப் பற்றியும் அவருடைய குடும்பத்தைப் பற்றியும் சொல்கிறோம்.

அவர் லெப்டினன்ட் ஜெனரல் ஜமீருத்தீன் ஷா. இந்தியத் தரைப்படையின் துணைத் தளபதிகளில் ஒருவராக 2008ல் ஓய்வு பெற்றவர். 2012 முதல் 2017 வரை ஐந்தாண்டுகள் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். நடிகர் நஸீருத்தீன் ஷாவின் அண்ணன் என்றால் தாய்மார்களுக்குச் சட்டென்று விளங்கும்.

இவர்களின் பூர்வீகம் காபூலை அடுத்த பக்மான். முன்னோர் சையது முஹம்மது ஷா. ஜான் ஃபிஷான் கான் என்பது அவருடைய பட்டப்பெயர், உயிரை அள்ளி இறைப்பவர் என்று பொருள். 1839ல் தொடங்கிய முதல் ஆங்கிலேய ஆப்கான் போரில் அவர் ஆங்கிலேயர் பக்கம் நின்றார். அந்தப் போரில் ஆங்கிலேயர் தோற்றுப் பின்வாங்கவே, அவருக்கும் சொந்த மண்ணில் இடமில்லாமல் போயிற்று. இந்தியாவுக்கு வந்தார். 1857ல் சிப்பாய்கள் எழுந்தபோதும் ஆங்கிலேயர் பக்கமே நின்றார். அதற்குக் கிடைத்த வெகுமதிதான் மீரட்டுக்குப் பக்கத்திலுள்ள சர்தானா ஜாகிர்.

இதைக் கேட்கச் சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். குடும்ப வரலாறு என்றால் பாட்டனார் எல்லாரும் தியாகிகளாகவே இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். நம் மலர்களில் வரும் வரலாறுகளும் அப்படித்தான் இருக்கின்றன. கப்பலேறி வந்த கதை இருக்கும். வட்டிக்குக் கடன் வாங்கிய கதை இருக்காது.

அதே 1857ல் பிஜ்னோரில் இன்னொருவர் ஆங்கிலேயரிடம் நீதித்துறை அதிகாரியாக இருந்தார். அங்கிருந்த ஆங்கிலேயக் குடும்பங்களைக் காப்பாற்றி அனுப்பினார். அவருக்கும் ஒரு ஜாகிர் தர முன்வந்தார்கள். தம்மைப் போன்ற இன்னொரு முஸ்லிம் குடும்பத்திடமிருந்து பறித்த நிலம் அது என்பதால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர்தான் சர் சையது அஹ்மத் கான். 1875ல் அலிகரில் ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். இரண்டே ஆண்டில் அது முஹம்மதன் ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரி ஆயிற்று. 1920ல் பல்கலைக்கழகம். கட்டடத்துக்குப் பணம் சேர்க்க அந்தப் பெரிய மனிதர் படாத பாடில்லை. லாட்டரிச் சீட்டு நடத்தினார், கண்காட்சியில் புத்தகக் கடை போட்டார், மேடையேறிப் பாடவும் செய்தார். குடும்ப கௌரவம் என்னாவது என்று கேட்டவர்களை அவர் பொருட்படுத்தவில்லை. நாமோ ஒரு நன்கொடை டிக்கெட் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய், மூன்று மாதம் கழித்து அப்படியே திருப்பித் தருகிறோம்!

ஜாகிர் என்னாயிற்று? சுதந்திரத்துக்குப் பிறகு உத்தரப் பிரதேசத்தில் வந்த சமீந்தாரி ஒழிப்புச் சட்டம் அப்படிப்பட்ட நிலவுடைமைகளுக்கெல்லாம் முடிவு கட்டியது. ஜமீருத்தீன் ஷாவின் தந்தை அலே முஹம்மது ஷா தாசில்தார் உத்தியோகம் பார்த்தவர். பிறகு அஜ்மீர் தர்காவின் நிர்வாகியாக இருந்தார். பிரிவினையின்போது உறவினர் பலர் பாகிஸ்தான் போக, அவர் போகவில்லை. அரசாங்கச் சம்பளத்தை வைத்துக்கொண்டு மூன்று பையன்களையும் நைனிடாலில் ஆங்கிலப் பள்ளி விடுதியில் சேர்த்தார். அந்தக் காலத்துத் தாசில்தார் சம்பளத்தில் விடுதிக் கட்டணம் எவ்வளவு பாரம் என்பதை, பிள்ளைகளின் துணைப்பாட வகுப்புக்கு மாதாமாதம் பணம் எண்ணி வைக்கும் தகப்பன்மார் அறிவார்கள். மூத்தவர் பொறியாளர் ஆனார், நடுவிலவர் படைக்குப் போனார், கடைசிப் பையன் நாடகம் நடிக்கப் போனார். கடைசிப் பையன் விஷயத்தில் தந்தைக்கு மனம் ஆறவேயில்லை. ஆனால் அந்தக் கடைசிப் பையன் பட்டம் வாங்கியது எங்கே தெரியுமா? அதே அலிகரில்தான், 1971ல்.

அதே 1971ன் டிசம்பரில் நடுவிலவர் ராஜஸ்தான் பாலைவனத்தில் லோங்கேவாலா போர்முனையில் இருந்தார். பீரங்கிப் படையில் சேர்ந்து மூன்றே ஆண்டுகள் ஆன இளம் அதிகாரி. சுமார் 120 பேர் கொண்ட ஒரு காவல்நிலை, டாங்கிகளோடு வந்த பெரும்படையை விடியும்வரை தடுத்து நிறுத்திய போர் அது. விடிந்ததும் விமானங்கள் வந்து மீதியைப் பார்த்துக்கொண்டன. 'பார்டர்' என்ற இந்திப் படத்தில் பார்த்திருப்பீர்கள்.

பிறகு சவூதி அரேபியாவில் இராணுவத் தூதரக அதிகாரி, வடகிழக்கில் மூன்றாவது கோர் படையின் தளபதி என்று உயர்ந்தார். இடையில் 2002 குஜராத். மேடையில் அரசியல் வேண்டாம் என்று தலைவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார், அதனால் சுருக்கமாகச் சொல்கிறோம். கலவரத்தை அடக்க அனுப்பப்பட்ட படைக்கு அவரே தலைமை. சுமார் 3000 வீரர்கள் மார்ச் 1 காலையிலேயே அகமதாபாத் விமானத் தளத்தில் இறங்கிவிட்டதாகவும், நகருக்குள் போக வாகனங்கள் கிடைக்க ஒரு நாளுக்கு மேல் ஆனதாகவும் தம் நூலில் எழுதியிருக்கிறார். இராணுவத்தை இறக்குவதில் தாமதமே இல்லை என்றது சிறப்புப் புலனாய்வுக் குழு. அதை அவர் ஏற்கவில்லை. அந்த நூல் 2018ல் வந்தது. 'சர்க்காரி முசல்மான்', அதாவது அரசாங்கத்து முஸ்லிம். ஒருவரை இளக்காரமாகச் சொல்லும் சொல்லையே புத்தகத்துக்குத் தலைப்பாக வைத்தார். சீருடை போட்ட பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். நீ எந்தப் பக்கம் என்று இரண்டு பக்கத்திலிருந்தும் ஒருவரிடம் கேட்கும்போது எப்படியிருக்கும் என்பதை அந்தத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

இனி அலிகர். நாங்கள் சொல்ல வந்ததே இதைத்தான்.

இராணுவக்காரர் பல்கலைக்கழகத்தில் என்ன செய்வார்? அணிவகுப்பு வைப்பார் என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். அவர் காலத்தில், 2013ல், மதரஸாவில் ஓதி முடித்த மாணவர்களுக்காக ஓராண்டு இணைப்புப் படிப்பு ஒன்று தொடங்கியது. ஆலிம் பட்டம் வாங்கிய பையனுக்கு ஆங்கிலமும் பிற பாடங்களும் கற்றுக்கொடுத்து, சட்டமோ பொருளாதாரமோ எதுவானாலும் மற்ற மாணவர்களோடு சேர்ந்து படிக்கத் தயார் செய்வது. ஐந்தாண்டில் அவர் செய்தவற்றில் எங்களுக்குப் பெரிதாகப் படுவது இதுதான். நம்மிடம் குர்ஆனை மனனம் செய்து முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். பாராட்டுக் கூட்டம் வைத்துச் சால்வை போடுகிறோம். அடுத்த வாரம் அந்தப் பையன் என்ன செய்கிறான்? சாதாரண நிலைத் தேர்வைத் தனியாக எழுத அவனுக்கு வகுப்பும் கட்டணமும் வேண்டும். அதைச் சால்வை தராது.

அவர் தடுக்கி விழுந்த இடமும் உண்டு. அலிகரின் மகளிர் கல்லூரி, ஷேக் அப்துல்லாவும் அவர் துணைவியார் வஹீத் ஜஹான் பேகமும் 1906ல் தொடங்கிய பெண்கள் பள்ளியிலிருந்து வளர்ந்தது. அந்தக் கல்லூரியின் இளநிலை மாணவியருக்கு மௌலானா ஆசாத் நூலகத்தில் அனுமதி இல்லை. அவர் கொண்டுவந்த தடையல்ல, பழைய நடைமுறை. 2014ல் மாணவியர் கேட்டபோது, பெண்களை விட்டால் நான்கு மடங்கு பையன்கள் வந்துவிடுவார்கள், இடம் போதாது என்று அவர் சொன்ன பதில் நாடெங்கும் சர்ச்சையாயிற்று. வழக்கு அலகாபாத் உயர்நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் கதவு திறந்தது. போர்க்களம் பார்த்தவர், நல்ல நிர்வாகி, ஆனாலும் அந்தப் பதில் தவறு என்பதே எங்கள் எண்ணம். இடம் போதாவிட்டால் இடத்தைத்தான் பெருக்க வேண்டும். சரக்கு வைக்க இடமில்லை என்று எந்தக் கடைக்காரராவது வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவாரா?

இதை அலிகருக்காகச் சொல்லவில்லை. நம் சங்கக் கட்டடத்தின் இரண்டாம் மாடி வாசிப்பறை இரவு ஏழு மணிக்கு மேல் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் என்றிருக்கிறது. இங்கேயும் சொல்லப்படும் காரணம் இடமில்லை என்பதுதான். மாதர் பிரிவு இரண்டாண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. மூன்று அறை வீட்டில் தம்பி தங்கைகளோடு படிக்க முடியாத பெண் பிள்ளை, தேர்வு மாதத்தில் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து படிக்கிறாள். பின்புறம் பழைய நாற்காலிகளும் பந்தல் சாமான்களும் அடுக்கிய அறை ஒன்று சும்மா கிடக்கிறது. அளந்து பார்த்தோம், பதினாறு பேர் தாராளமாக உட்காரலாம். சாமான்களை எங்களில் ஒருவருடைய கிடங்கில் வாடகையில்லாமல் வைத்துக்கொள்கிறோம். விளக்கும் மின்விசிறியும் இளையர் பிரிவின் பொறுப்பு. நிர்வாகக் குழு சம்மதம் சொன்னால் போதும். அடுத்த கூட்டத்தில் எழுத்து மூலமாகவே தருகிறோம்.

மனனம் முடித்த பிள்ளைகளின் தேர்வுக் கட்டணத்துக்கு இந்த ஆண்டு நான்கு பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கு நிதி இருக்கிறது. மீதி இருவருக்கான உறுதிப் படிவங்கள் வாசல் மேசையில், பிரியாணிப் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. பொட்டலத்தை எடுக்கும்போது படிவத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இஷாவுக்கு இன்னும் பத்து நிமிடந்தான் இருக்கிறது, இமாம் அவர்கள் எங்களையே பார்க்கிறார்கள். வஸ்ஸலாம்.